வக்கீல் வைக்க வசதி இல்லையா? கைதானவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும்... ஆனால் பெயருக்கு ஒரு வக்கீல் போதுமா? முழு விளக்கம்

ராத்திரி 11 மணிக்கு போன் வருகிறது. "உங்க பையனை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. காலைல கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க." வீட்டில் இருப்பது வாரக்கூலியில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய். தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. கோர்ட் வாசலில் விசாரித்தால், காதில் கிடக்கும் தோட்டை அடகு வைத்தாலும் பத்தாத தொகை சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்த இடத்தில் பல குடும்பங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. கைதாகிக் காவலில் இருக்கும் யாராக இருந்தாலும், அவர் மீது என்ன வழக்கு இருந்தாலும், அரசு செலவில் வக்கீல் கேட்கலாம். அது சலுகை அல்ல, உரிமை.

"சரிங்க, ஆனா கவர்ன்மென்ட் கொடுக்கிற வக்கீல் ஒழுங்கா வாதாடுவாரா?" என்ற அடுத்த கேள்வியும் நியாயமானதுதான். பெயருக்கு ஒரு வக்கீலை நிறுத்தியதால் ஓர் இளைஞர் தூக்குத் தண்டனை வரை போய், 11 வருடம் கழித்து நிரபராதி என்று வெளியே வந்த வழக்கு இந்தியாவில் இருக்கிறது. அதனால்தான் உச்ச நீதிமன்றம் இப்போது வக்கீல் கொடுத்தார்களா என்பதோடு நிற்காமல், அந்த வக்கீல் வேலை பார்த்தாரா என்றும் கேட்கிறது.

இரண்டையும் விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும்.

பிரிவு 22(1): கைது செய்யப்பட்டவர் தனக்கு விருப்பமான வக்கீலைக் கலந்தாலோசிக்கவும், அவர் மூலம் வாதாடவும் உரிமை உண்டு. ஆனால் வக்கீலுக்கு யார் பணம் கொடுப்பது என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை.

பிரிவு 39ஏ: பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும். 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. இது வழிகாட்டு நெறிகள் பகுதியில் இருப்பதால், இதை மட்டும் காட்டி நேரடியாக கோர்ட்டுக்குப் போக முடியாது.

பிரிவு 21: சட்டப்படியான நடைமுறை இல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவையும் 39ஏ-வையும் சேர்த்து வாசித்தது. வக்கீல் இல்லாமல் ஒரு ஏழையை விசாரித்து ஜெயிலுக்கு அனுப்புவது நியாயமான நடைமுறையே அல்ல என்று சொன்னது. அப்படித்தான் இலவச வக்கீல் என்பது அடிப்படை உரிமை ஆனது.

இது போக இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ்எஸ். இதன் 341-வது பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை, வைக்க வசதியும் இல்லை என்று தெரிந்தால் நீதிமன்றமே அரசு செலவில் வக்கீலை நியமிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 304-வது பிரிவு.

யாருக்கெல்லாம் இலவச வக்கீல் கிடைக்கும்?

சட்டப்பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது.

- காவலில் இருப்பவர்கள் (போலீஸ் காவல், சிறை, கூர்நோக்கு இல்லம் எல்லாம் சேரும்)
- பெண்கள், குழந்தைகள்
- பட்டியல் சாதியினர், பழங்குடியினர்
- மாற்றுத்திறனாளிகள்
- ஆள் கடத்தலில் சிக்கியவர்கள், கொத்தடிமை முறையில் மாட்டியவர்கள்
- தொழிற்சாலைத் தொழிலாளர்கள்
- இயற்கைப் பேரிடர், இனக்கலவரம், சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள்
- குறிப்பிட்ட வரம்புக்குள் ஆண்டு வருமானம் உள்ளவர்கள்

இதில் நிறைய பேர் குழம்பும் இடம் வருமான வரம்பு. அது பட்டியலின் கடைசி வகையினருக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு 5 லட்சம் ரூபாய். மேலே உள்ள மற்றவர்களுக்கு வருமானச் சான்று தேவையே இல்லை. "உங்க வீட்டுல டூவீலர் இருக்கே, உங்களுக்கு எப்படி இலவசம்?" என்று சிறையில் இருப்பவரின் குடும்பத்தை யாரும் கேட்க முடியாது. வருமானத்தைக் காட்ட வேண்டியவர்களுக்கும், பொதுவாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும்.

எந்த நேரத்தில் இருந்து இந்த உரிமை தொடங்குகிறது?

விசாரணை தொடங்கி, சாட்சிகள் கூண்டில் ஏறிய பிறகுதான் வக்கீல் தேவை என்று நினைப்பது தவறு. வழக்கின் போக்கு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடும்.

காவல் நிலையத்தில்: பிஎன்எஸ்எஸ் 38-வது பிரிவுப்படி, கைதானவர் போலீஸ் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கலாம். விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. ஆனால் சந்திப்பைத் தடுக்க முடியாது. கைது கட்டத்திலேயே ஆலோசனை கிடைக்க வேண்டும் என்பதற்காக தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு (நல்சா) 2019-ல் தனி வழிமுறையை வெளியிட்டது.

ரிமாண்ட் நேரத்தில்: கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். அங்கே நடுவர், "உங்களுக்கு வக்கீல் இருக்கிறாரா? இல்லையென்றால் இலவசமாகத் தருகிறோம்" என்று சொல்லியாக வேண்டும். இதற்காக ரிமாண்ட் வக்கீல்களை நியமிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

விசாரணையில்: குற்றச்சாட்டு பதிவு, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, இறுதி வாதம் என எல்லாக் கட்டத்திலும் வக்கீல் இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில்: தண்டனை வந்த பிறகும் உரிமை முடிவதில்லை. தீர்ப்பு நகல் இலவசம். மேல்முறையீடு செய்ய வக்கீலும் இலவசம்.

இந்த உரிமை எப்படி வந்தது?

இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்த உரிமைகளுக்குப் பின்னால், ஜெயிலில் மறக்கப்பட்ட மனிதர்களின் கதைகள் இருக்கின்றன.

1978-ல் ஹோஸ்காட் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலும் மேல்முறையீட்டுக்கு வக்கீலும் தர வேண்டியது அரசின் கடமை என்றார்.

அடுத்த வருடம் பீகார். வழக்கு விசாரணையே தொடங்காமல் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களைப் பற்றி 1979 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தது. தங்கள் மீதான குற்றச்சாட்டுக்கு அதிகபட்ச தண்டனை எவ்வளவோ அதைவிடக் கூடுதல் காலம் உள்ளே இருந்தவர்களும் அதில் உண்டு. வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அந்தச் செய்தியை வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. இலவச சட்ட உதவி பிரிவு 21-ன் பிரிக்க முடியாத அங்கம் என்று நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பளித்தார். ஆயிரக்கணக்கான விசாரணைக் கைதிகள் வெளியே வர இந்த வழக்கு வழி செய்தது.

1980-ல் அதே பீகாரின் பாகல்பூரில், போலீஸ் காவலில் இருந்த 30-க்கும் மேற்பட்டவர்களின் கண்கள் ஊசியாலும் ஆசிட்டாலும் குருடாக்கப்பட்ட கொடூரம் வெளியே வந்தது. அவர்கள் நடுவர்கள் முன் நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஆனால் வக்கீல் இல்லை. "அவங்க யாரும் கேட்கலையே" என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. ஒன்று, வக்கீல் உண்டு என்று நடுவர்தான் சொல்ல வேண்டும், கைதி கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு, நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது.

1986-ல் அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் வழக்கு. மிரட்டல் வழக்கில் வக்கீல் இல்லாமலே விசாரணை நடந்து 2 வருட சிறைத் தண்டனை வந்தது. "அவர் விண்ணப்பிக்கவில்லை" என்று கீழே சொன்னார்கள். இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாத ஏழை அதை எப்படிக் கேட்பார் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், தண்டனையை ரத்து செய்தது.

2012-ல் மும்பை தாக்குதல் குற்றவாளி அஜ்மல் கசாப் வழக்கிலும் இதே கொள்கையை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. முதல் முறை ஆஜர்படுத்தும்போதே வக்கீல் பற்றிச் சொல்லாத நடுவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றது. நாடே கோபத்தில் இருந்த வழக்கிலும் குற்றவாளிக்கு வக்கீல் கொடுக்கப்பட்டது. குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பதைப் பொறுத்து இந்த உரிமை மாறாது.

பெயருக்கு ஒரு வக்கீல்: 13 நாளில் தூக்குத் தண்டனை

கோர்ட் பதிவேட்டில் வக்கீல் பெயர் இருக்கும். அவர் எழுந்து நிற்கவும் செய்வார். ஆனால் அவர் கையில் கேஸ் கட்டு இருக்காது. தன் கட்சிக்காரரோடு ஒரு முறைகூடப் பேசியிருக்க மாட்டார். இது உரிமை கொடுத்த கணக்கில் வருமா? இதற்குப் பதில் சொன்னது அனோகிலால் வழக்கு.

2013 ஜனவரி இறுதி. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா மாவட்டத்தில் ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஓர் ஏழை இளைஞர் கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 19-ல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, சட்ட உதவி மூலம் நியமிக்கப்பட்ட வக்கீல் வரவில்லை. அன்றைக்கே வேறொருவர் நியமிக்கப்பட்டார். அன்றைக்கே குற்றச்சாட்டும் பதிவானது. மார்ச் 4-ல் தீர்ப்பு, அதே நாளில் மரண தண்டனை. வக்கீல் நியமனத்துக்கும் தூக்குத் தண்டனைக்கும் இடையே 13 நாள். உயர் நீதிமன்றம் சில மாதங்களில் அதை உறுதி செய்தது.

2019 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து, மறுபடியும் முதலில் இருந்து விசாரிக்கச் சொன்னது. அன்று காலை நியமிக்கப்பட்ட வக்கீலுக்கு ஆவணங்களைப் படிக்கவோ, குற்றம் சாட்டப்பட்டவரிடம் நடந்ததைக் கேட்கவோ நேரமே இல்லை. இது பயனுள்ள சட்ட உதவி ஆகாது என்றது நீதிமன்றம். வழக்கை வேகமாக முடிப்பது நல்லதுதான், அதற்காக நியாயத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

மறுவிசாரணையிலும் 2022-ல் மரண தண்டனையே வந்தது. உயர் நீதிமன்றம் டிஎன்ஏ ஆதாரத்தை முறையாக விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அப்படி அலசியபோது வழக்கு நிற்கவில்லை. 2024 மார்ச்சில் அந்த இளைஞர் விடுதலை செய்யப்பட்டார். இருபதுகளின் தொடக்கத்தில் உள்ளே போனவர், 11 வருடம் கழித்து வெளியே வந்தார்.

இந்த வழக்கில் இழப்பு அவருக்கு மட்டும் இல்லை. 11 வருடத்துக்குப் பிறகு, தங்கள் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது அந்தச் சிறுமியின் குடும்பமும்தான். "குற்றவாளிக்கு எதுக்குங்க வக்கீல்?" என்று கேட்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. எதிர்த்துக் கேள்வி கேட்க ஒரு நல்ல வக்கீல் இருந்தால்தான் போலீஸ் சொல்லும் கதையில் உள்ள ஓட்டைகள் தெரியும். அப்போதுதான் உண்மையான குற்றவாளியைத் தேடவும் முடியும்.

சிலப்பதிகாரம் படித்த யாருக்கும் இது புதிதல்ல. பொற்கொல்லன் சொன்னதை நம்பி, விசாரணையே இல்லாமல் கோவலனை வெட்டினார்கள். கண்ணகி அரசவையில் அருமையாக வாதாடினாள், சிலம்பை உடைத்து ஆதாரத்தையும் காட்டினாள். ஆனால் அதற்குள் தண்டனை முடிந்திருந்தது.

உச்ச நீதிமன்றம் போட்டிருக்கும் விதிகள் என்ன?

அனோகிலால் தீர்ப்பில் வந்தவை:

- ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில், குறைந்தது 10 வருட அனுபவம் உள்ள வக்கீலைத்தான் சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும்.
- மரண தண்டனையை உறுதி செய்யும் விசாரணை உயர் நீதிமன்றத்தில் நடக்கும்போது, மூத்த வழக்கறிஞர்களை முதலில் பரிசீலிக்க வேண்டும்.
- தயாராக நியாயமான அவகாசம் தர வேண்டும். குறைந்தது 7 நாள் என்பது பொருத்தமான அளவு.
- குற்றம் சாட்டப்பட்டவரைச் சந்தித்துப் பேச வக்கீலுக்கு வாய்ப்பு தர வேண்டும்.

2024 டிசம்பர் 2-ல், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அசோக் என்பவரின் வழக்கிலும் இதே பிரச்னை வந்தது. கீழ் நீதிமன்றத்தில் மரண தண்டனை, உயர் நீதிமன்றத்தில் அது ஆயுள் தண்டனையாகக் குறைப்பு. ஆனால் விசாரணையின் முக்கியக் கட்டங்களில் அவருக்கு வக்கீலே இல்லை. உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வக்கீல் இல்லாமல் விசாரணை நடக்கிறது என்றால் அதை நீதிபதியிடம் சொல்ல வேண்டியது அரசு வழக்கறிஞரின் கடமையும்தான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எதிர்த் தரப்புக்கு வக்கீல் இருக்கிறாரா என்று அரசுத் தரப்பே பார்க்க வேண்டும் என்பது பெரிய மாற்றம்.

உண்மையில் வேலை செய்யும் வக்கீல் என்ன செய்வார்?

உங்களுக்கு நியமிக்கப்பட்டவர் சரியாகப் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள இந்த விஷயங்கள் உதவும்.

ஆவணங்களை வாங்குவார்: எஃப்ஐஆர், ரிமாண்ட் உத்தரவு, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாவற்றின் நகலும் அவரிடம் இருக்கும்.

நாள் கணக்கு பார்ப்பார்: பொதுவாக 60 நாளிலும், கடுமையான குற்றங்களில் 90 நாளிலும் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடும். போதைப்பொருள், உபா போன்ற சிறப்புச் சட்டங்களில் இந்தக் கணக்கு மாறும். இந்த ஜாமீனைக் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நாளைத் தவற விட்டால் வாய்ப்பு போய்விடும். தூங்கும் வக்கீலால் வரும் நஷ்டம் இங்கே மாதக் கணக்கில் இருக்கும்.

479-வது பிரிவைப் பயன்படுத்துவார்: விசாரணைக் கைதி ஒருவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதியை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரணம், ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஜாமீன் நிபந்தனையைப் பார்ப்பார்: "ஜாமீன் கிடைச்சிருச்சு, ஆனா ரெண்டு ஜாமீன்தாரருக்கு எங்க போறது?" என்று உள்ளேயே கிடப்பவர்கள் நிறைய. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் இதற்கும் வழி சொன்னது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம்.

குறுக்கு விசாரணையைத் தவிர்க்க மாட்டார்: சாட்சி சொன்னதற்கு எதிர்க்கேள்வியே கேட்காமல் "குறுக்கு விசாரணை இல்லை" என்று உட்கார்ந்துவிட்டால், அந்தச் சாட்சியம் அப்படியே பதிவில் நிற்கும். மேல்முறையீட்டில் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

பிறகு ஏன் நடைமுறையில் சிக்கல்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பு வராதவர்கள்.

காரணங்களில் முதன்மையானது, தெரியாமை. உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. அடுத்தது, நம்பிக்கை இல்லாமை. "ஓசியில கிடைக்கிறது உருப்படியா இருக்காது" என்று நினைத்து, கடன் வாங்கித் தனியார் வக்கீலிடம் போகிறார்கள். பணம் தீர்ந்ததும் அவர் வாய்தாவுக்கு வருவதை நிறுத்திவிட்டால், நடுவழியில் நிற்கிறார்கள்.

மூன்றாவது, அமைப்பில் உள்ள குறை. பழைய முறையில் பேனல் வக்கீல்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே சட்ட உதவி வழக்கையும் பார்ப்பார்கள். அதற்குக் கிடைக்கும் கட்டணம் குறைவு. ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் கேஸ் இருந்தால், எதை விடுவார் என்று சொல்லத் தேவையில்லை. அர்ப்பணிப்போடு வாதாடி விடுதலை வாங்கித் தந்த பேனல் வக்கீல்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் அடிப்படை உரிமை, வரும் வக்கீல் நல்லவராக அமைவதை நம்பி இருக்கக் கூடாது.

இதைச் சரிசெய்ய நல்சா 2022-ல் புதிய திட்டம் கொண்டு வந்தது. குற்ற வழக்குகளில் சட்ட உதவிக்கென்றே முழுநேர வக்கீல்கள் மாவட்ட அளவில் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் தனியாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்குக் குற்ற வழக்குகளில் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும். அரசுத் தரப்புக்கு முழுநேர அலுவலகம் இருப்பதைப் போல ஏழைகள் தரப்புக்கும் ஒன்று என்பதுதான் யோசனை. ஒருவர் தலையில் எத்தனை கேஸ் கட்டுகள் விழுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் இதன் வெற்றி.

2024 அக்டோபர் 23-ல் சுஹாஸ் சக்மா வழக்கில், காவல் நிலையம், தபால் நிலையம், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியும் போன் நம்பரும் உள்ளூர் மொழியில் எழுதிய பலகை வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த முறை பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் ஊரில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் எப்படி?

1961-ல் ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை மீது திருட்டு வழக்கு. வக்கீல் கேட்டார், மறுத்துவிட்டார்கள். தானே வாதாடித் தோற்று ஜெயிலுக்குப் போனார். அங்கிருந்து பென்சிலால் எழுதிய மனு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1963-ல் ஏழைகளுக்கு அரசு வக்கீல் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் வக்கீலோடு வந்த கிடியன் விடுதலையானார்.

1984-ல் ஸ்ட்ரிக்லேண்ட் வழக்கில் அடுத்த கேள்விக்கும் பதில் சொன்னார்கள். வக்கீல் சரியில்லை என்று தண்டனையை ரத்து செய்ய, இரண்டை நிரூபிக்க வேண்டும்: அவரது வேலை நியாயமான தரத்துக்குக் கீழே இருந்தது, அப்படி இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. இரண்டாவதை நிரூபிப்பது மிகக் கடினம் என்ற விமர்சனம் அங்கே இன்றும் தொடர்கிறது. தண்டனைக்குப் பிறகு வக்கீலைக் குறை சொல்வதைவிட, தொடக்கத்திலேயே நேரமும் ஆவணமும் கொடுத்துவிடுவது எளிது என்பது இதிலிருந்து தெரிகிறது.

குண்டாஸ் போட்டால் வக்கீல் கிடைக்குமா?

தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் கேள்வி. குண்டர் சட்டம் தடுப்புக் காவல் சட்டம். பிரிவு 22(1) தரும் வக்கீல் உரிமை தடுப்புக் காவலுக்குப் பொருந்தாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது. அதனால் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடுவதை உரிமையாகக் கேட்க முடியாது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைப் பெறலாம் என்று 1981-ல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட இலவச வக்கீல் கேட்கலாம். காவலில் இருப்பவர் என்ற முறையில் அந்தத் தகுதி உண்டு.

எப்படி விண்ணப்பிப்பது?

- 15100 என்ற நல்சா இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.
- மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். நேரில் போய் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே எழுதித் தருவார்கள்.
- உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு சென்னையிலும் மதுரைக் கிளையிலும் சட்டப்பணிகள் குழுக்கள் இருக்கின்றன.
- சிறையில் இருப்பவர், சிறைக்குள் இயங்கும் சட்ட உதவி மையத்திலோ சிறை அதிகாரி மூலமாகவோ விண்ணப்பிக்கலாம்.
- எதுவும் முடியவில்லையா? நடுவர் முன் நிறுத்தும்போது வாய்விட்டு, "எனக்கு வக்கீல் இல்லைங்க, இலவச வக்கீல் வேணும்" என்று சொன்னால் போதும்.

கையில் இருந்தால் எஃப்ஐஆர் எண், காவல் நிலையத்தின் பெயர், எந்தச் சிறை என்ற விவரங்களைக் கொண்டு போங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.

கொடுத்த வக்கீல் சரியில்லை என்றால்?

நல்சாவின் 2010-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் தலைப்பிலேயே 'இலவச' என்ற சொல்லோடு 'திறமையான' என்ற சொல்லும் இருக்கிறது. வழக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது.

வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை, சிறைக்கு வந்து பார்க்கவில்லை, விவரம் சொல்லவில்லை என்றால், தேதி குறிப்பிட்டு மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வேறு வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். விசாரணை நீதிபதியிடமும் நேரடியாகச் சொல்லலாம். அது கோர்ட் பதிவில் ஏறினால், மேல்முறையீட்டிலும் உதவும்.

முக்கியமாக, சட்ட உதவி வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. ஜெராக்ஸ் செலவு, டைப்பிங் செலவு என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதுவும் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்தான்.

சுருக்கமாகச் சில கேள்விகள்

இலவச வக்கீல் வாங்கினால், பின்னால் சொந்தமாக வக்கீல் வைக்க முடியாதா?
வைக்கலாம். விருப்பமான வக்கீலை வைக்கும் உரிமை எப்போதும் உண்டு.

இலவச வக்கீல் வேண்டாம் என்று கைதி சொன்னால்?
மறுக்கலாம். ஆனால் விவரம் தெரிந்து, தானாக முன்வந்து மறுத்ததாக இருக்க வேண்டும். உரிமை பற்றியே சொல்லாமல், "அவர் கேட்கவில்லை" என்று எழுதுவது செல்லாது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாம் என்கிறார்களே?
சில சிறிய வழக்குகளில் அப்படி நடக்கலாம். ஆனால் ஒப்புக்கொண்டால் அது தண்டனை. வேலை, பாஸ்போர்ட், அடுத்த வழக்கு என எல்லாவற்றிலும் பின்னால் வரும். வக்கீலிடம் தனியாகப் பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வெளி மாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் கைதானால்?
அவருக்கும் இதே உரிமைதான். மொழி புரியாதவருக்கு வழக்கைப் புரிய வைக்க மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. ராத்திரி 11 மணி போன் யாருக்கு எப்போது வரும் என்று தெரியாது. 15100 என்ற எண்ணை இப்போதே மொபைலில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் கிடைத்த பிறகு அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "கேஸ் கட்டு உங்க கைக்கு வந்துடுச்சா சார்?"